பதினொன்றாம் நம்பர் பந்து

பத்து வருஷமாக என் கண் மேல்தான் பழி போட்டுக்கொண்டிருந்தேன்.

பூல் மேசையில் வெள்ளைப் பந்து, நம்பர் பந்து, பாக்கெட் மூன்றும் ஒரே கோட்டில் நிற்கும். இது விழுந்துவிட்ட மாதிரிதான் என்று எதிராளி தன் க்யூ கோலுக்குச் சாக் தேய்க்க ஆரம்பித்துவிடுவான். நான் வெள்ளையை அடித்தால் நம்பர் பந்து பாக்கெட் வாயின் வலது தாடையில் மோதி, உள்ளே போகலாமா வேண்டாமா என்று இரண்டு ஆட்டம் ஆடிவிட்டு, வெளியே வந்து உட்கார்ந்துகொள்ளும். எப்போதும் வலது தாடைதான். இடது பக்கம் கட் பண்ண, அதாவது ஓரத்தில் தட்டிச் சாய்வாக அனுப்ப வேண்டிய பந்து என்றால் பேசிக்கொண்டே போட்டுவிடுவேன். அதே கோணம், அதே தூரம், வலது பக்கம் என்றால் தேவைக்கு மேல் மெல்லிசாக, ரொம்ப ஓரத்தில் பட்டுத் தப்பிவிடும்.

கண்ணாடிக் கடைக்கு ஒரே வருஷத்தில் இரண்டு தடவை போனேன். "பவர் அப்படியேதான் இருக்குதுங்க சார், எதுக்குங்க மறுபடியும் பார்க்கறீங்க?" என்று அந்தப் பெண் கேட்டார். வலது பக்கம் கட் விழமாட்டேன் என்கிறது என்று சொல்லவா முடியும்? கம்ப்யூட்டர் பார்த்தால் கண் எரிகிறது என்று சொல்லிவிட்டு வந்தேன். அதுவும் பொய்யில்லை. ஆடிட்டர் ஆபீசில் வேலை.

நான் ஆடுகிற பூல் பார்லர் கோவை காந்திபுரத்தில், செல்போன் கவர் விற்கிற கடைக்கு மேலே, மாடியில். 12 அடி ஸ்னூக்கர் மேசை இரண்டு, 9 அடி பூல் மேசை ஒன்று. மணிக்கு 200 ரூபாய், தோற்றவன் கொடுக்க வேண்டும். ஊரில் உள்ளவர்கள் கணக்கையெல்லாம் நாள் பூராவும் பார்க்கிற நான், இந்தப் பதினோரு வருஷத்தில் அங்கே எவ்வளவு கொடுத்திருப்பேன் என்ற கணக்கை மட்டும் போட்டுப் பார்த்ததில்லை.

அங்கே ஒரு மார்க்கர் இருக்கிறார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். பந்து அடுக்குவது, நேரம் குறிப்பது, மேசைத் துணிக்குப் பிரஷ் போடுவது, க்யூ நுனியில் இருக்கும் டிப்பை மாற்றுவது எல்லாம் அவர்தான். அதிகம் பேசமாட்டார். பேசினால் பெரும்பாலும் ஊட்டியைப் பற்றித்தான். "ஸ்னூக்கரு நம்ம ஊட்டியில பொறந்தது சார்" என்பார். பொறந்தது ஜபல்பூரில், 1875இல், நெவில் சேம்பர்லின் என்கிற இளம் ராணுவ அதிகாரி கண்டுபிடித்தார், பிற்பாடு 1880களில் விதிகளை எழுதி மாட்டியதுதான் ஊட்டி கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில் என்று நான் ஒருமுறை திருத்தினேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சட்டம் போட்ட எடம்தானுங்க சார் பொறந்த எடம்" என்று சொல்லிவிட்டார். அதற்குமேல் நான் பேசவில்லை.

போன வருஷம் ஜூன் மாதக் கடைசியில் ஒரு நாள். மழை, ஆள் இல்லை. நான் தனியாக அதே வலது பக்கக் கட்டை வைத்து அடித்துக்கொண்டிருந்தேன். பதினைந்து தடவை அடித்ததில் நான்கு விழுந்திருக்கும். மார்க்கர் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே சொன்னார்.

"சார், வெள்ளைய எடுத்து ஓரமா வைங்க. பதினொண்ணை வெச்சு அடிங்க."

"எதை அண்ணா?"

"எதையும் அடிக்க வேண்டாங்க. அந்தச் செவப்புப் பட்டை நட்டமா நிக்கற மாதிரி வெச்சு, நேரா அந்தக் கடைசிக் குஷனுக்கு அனுப்புங்க. திரும்பி உங்க க்யூ டிப்புலயே வந்து முட்டோணும்."

பதினொன்று என்பது வெள்ளையில் தடித்த சிவப்புப் பட்டை போட்ட பந்து. அந்தப் பட்டையை அடிக்கிற திசைக்கு நேராக, வண்டிச் சக்கரம் போல நிமிர்த்தி வைத்தேன். நடுக்கோட்டில், இந்தப் பக்கத்து ரப்பர் விளிம்பான குஷனிலிருந்து, மேசை ஓரத்தில் குறித்திருக்கும் இரண்டாவது புள்ளிக்கு நேரே. சாக் நன்றாகத் தேய்த்துக்கொண்டு அடித்தேன். பந்து கொஞ்ச தூரம் வழுக்கிக்கொண்டு போய் உருள ஆரம்பித்தது. பட்டை நேராகச் சுழலவில்லை. ரிம் வளைந்த சைக்கிள் சக்கரம் மாதிரி தள்ளாடித் தள்ளாடிப் போனது. குஷனில் பட்டதும் பக்கவாட்டில் விலகி, திரும்பி வந்து என் க்யூவிலிருந்து ஒரு முழம் தள்ளிப் போய் நின்றது.

மார்க்கர் எழுந்து வந்து பந்தைக் கையில் எடுத்து எனக்குக் காட்டினார். சிவப்புப் பட்டையின் மேல், நடுவிலிருந்து ஒரு சுண்டுவிரல் அகலம் இடது பக்கமாக, நீலச் சாக்கின் சின்னப் பொட்டு.

"கண்ணு நடுவுலதான் பாக்குது. கையி இங்க போவுது" என்றார்.

அதைத் துடைத்துவிட்டு மறுபடி அடித்தேன். அதே இடத்தில் பொட்டு. பத்து தடவை அடித்தேன். எட்டு தடவை இடது பக்கம்தான். எனக்குக் கோபம் வந்ததே தவிர வெட்கமாக இல்லை. பத்து வருஷம் ஒருவர் ஸ்டூலில் உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். "முன்னாடியே சொல்லியிருக்கலாமேண்ணா" என்றேன். "நீங்க கேக்கலீங்களே" என்றார்.

நடுவில் படாமல் இடது பக்கம் பட்டால் வெள்ளைக்கு இடது சைடு ஏறிவிடும். இடப்பக்கமாகச் சுழன்றுகொண்டு போகிற வெள்ளை, நம்பர் பந்தைத் தொடுகிற கணத்தில் அதை உரசி வலது பக்கமாகத் தள்ளும். இரண்டு பல்சக்கரம் பக்கத்தில் பக்கத்தில் சுற்றுகிற மாதிரிதான். அந்தத் தள்ளல் ஒன்றிரண்டு டிகிரி இருந்தாலே போதும். என் நேர்ப் பந்து ஏன் எப்போதும் வலது தாடையைத் தேடிப் போனது என்பது அன்றைக்கு வீட்டுக்கு வண்டி ஓட்டிக்கொண்டு போகும்போது, லட்சுமி மில் பக்கம் டிராஃபிக்கில் நிற்கையில் புரிந்தது.

ஒன்றிரண்டு டிகிரிக்கு இவ்வளவு பேச்சா என்று தோன்றலாம். பூல் பந்தின் விட்டம் 57 மில்லிமீட்டர் சொச்சம். நேர் அடியில், மோதுகிற கணத்தில் வெள்ளை தான் நிற்க வேண்டிய இடத்திலிருந்து 1 மில்லிமீட்டர் விலகியிருந்தால், நம்பர் பந்து போகிற திசை 1 டிகிரி மாறும். அந்தப் பந்து மேசையின் பாதி நீளம் போனால் 1 டிகிரி என்பது இரண்டு சென்டிமீட்டருக்கும் மேல். பாக்கெட்டின் வாய் பதினொன்றரை சென்டிமீட்டர், பந்து 5.7. பக்கத்துக்கு மூன்று சென்டிமீட்டர்கூடக் கிடைக்காது. ஆக நமக்கு அனுமதி 1 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். எங்கள் பார்லரில் இருக்கும் பையன்கள் இந்த மாதிரிக் கணக்கைக் கேட்டால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். காற்று ஏன் வளைந்து வீசுகிறது என்பதற்குப் பேர் கொடுத்த கோரியாலி என்ற பிரெஞ்சு விஞ்ஞானியே 1835இல் பில்லியர்ட்ஸ் பந்துக்குக் கணக்குப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் செல்போனை எதிர்க் குஷன் மேல் சாய்த்து வைத்து, என்னை நானே படம் எடுத்தேன். யாருக்கும் இதைச் செய்யச் சொல்லிச் சிபாரிசு செய்வேன், ஆனால் தனியாக இருக்கும்போது பாருங்கள். நான் நினைத்துக்கொண்டிருந்த நான் வேறு, படத்தில் இருந்த ஆள் வேறு. மேசைக்கு நேர் எதிராக, இரண்டு பாதமும் ஒரே வரிசையில், நெஞ்சை முன்னால் காட்டிக்கொண்டு குனிந்து நிற்கிறேன். க்யூ பின்னால் போகும்போது நேராகத்தான் போகிறது. முன்னால் வரும்போது என் வலது கைக்கு வழியில் ஒன்று குறுக்கே நிற்கிறது. தொப்பை. கை அதைச் சுற்றிக்கொண்டு வெளியே, வலது பக்கமாக வளைகிறது. பின்கை வலது பக்கம் போனால் முன்னால் டிப் இடது பக்கம் போகும். அவ்வளவுதான் ரகசியம்.

தொப்பையை மட்டும் சொல்வது நியாயமில்லை. அது இந்த ஆறேழு வருஷத்துச் சமாச்சாரம். நிற்கிற விதம் அதற்கு முந்தையது. நான் கேரம் ஆடி வளர்ந்தவன். பொள்ளாச்சியில் எங்கள் தெரு முனையில் ஒரு மன்றம், மன்றத்தில் ஒரு கேரம் போர்டு, நூறு வாட்ஸ் பல்பு, போரிக் பவுடர் மணம். 1996இல் சென்னை மரிய இருதயம் கேரத்துக்காக அர்ஜுனா விருது வாங்கியபோது, எங்கள் அப்பா அந்தப் பேப்பரை எடுத்து வந்து என் அம்மாவிடம் காட்டி, "பாரு, இதுக்கும் குடுக்கறாங்க" என்றார். அன்றைக்கு ஒரு நாள் வீட்டில் திட்டு இல்லை. கேரத்தில் போர்டுக்கு நேர் எதிரேதான் உட்காருவோம். நெஞ்சு நேராக இருக்கும். விரல்தானே சுண்டுகிறது, உடம்பு எப்படி இருந்தால் என்ன? அந்த உட்காருகிற விதத்தை அப்படியே நிமிர்த்தி நிற்க வைத்தால் நான் பூல் மேசையில் நிற்கிற விதம் வந்துவிடும்.

சரி, திருத்த ஆரம்பித்தேன். முதலில் கால். அடிக்கிற கோட்டுக்குப் பின்னால் நின்று பார்த்து, அந்தக் கோட்டின் மேல் வலது பாதத்தை வைப்பது. இடது பாதம் ஒரு எட்டு முன்னால், இடப்பக்கம் தள்ளி. இடுப்பு தானாக ஒருபக்கம் திரும்பிக்கொள்ளும், தொப்பை வழியை விட்டு விலகும். கை, முழங்கை, தோள், க்யூ எல்லாம் ஒரே தளத்தில் வந்துவிடும். எழுதும்போது இரண்டு வரி. பழக இரண்டு வாரம் ஆனது. தொடை வலித்தது.

அடுத்தது பிடி. நான் க்யூவின் கடைக்கோடியில் பிடித்துக்கொண்டிருந்தேன், ஆறடி ஆள்கள் பிடிக்கிற இடத்தில். நான் ஐந்தடி நாலு அங்குலம். டிப் பந்தைத் தொடுகிற நேரத்தில் முன்கை தரைக்குச் செங்குத்தாகத் தொங்க வேண்டும். அப்போதுதான் அந்த இடத்தில் க்யூ மேலேயும் போகாமல் கீழேயும் போகாமல் மட்டமாகப் போகும். எனக்கு அது வருவதற்கு நான்கு விரற்கடை முன்னால் தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது. நெருக்கியும் பிடிக்கக் கூடாது. கட்டை விரலும் அடுத்த இரண்டு விரலும் ஒரு வளையம் மாதிரி க்யூவைத் தாங்கினால் போதும். நான் அதுவரை சுத்தியல் பிடிக்கிற மாதிரிதான் பிடித்திருந்தேன். நெருக்கிப் பிடித்தால் அடிக்கிற கடைசி நொடியில் மணிக்கட்டு முறுக்கிக்கொள்ளும். மார்க்கர் இதற்கு ஒரு உவமை சொன்னார், அதை இங்கே எழுத முடியாது.

வீட்டில் சாப்பாட்டு மேசையில்தான் உண்மையான பயிற்சி நடந்தது. ஒரு காலிக் கண்ணாடி சோடா பாட்டிலைப் படுக்க வைத்து, அசையாமல் இரண்டு பக்கமும் துண்டைச் சுருட்டி வைத்தேன். என் சொந்த க்யூ இரண்டு துண்டாகக் கழற்றுகிற ரகம், 19 அவுன்ஸ், டிப் 13 மில்லிமீட்டர். பாட்டிலின் கழுத்து அதைவிடக் கொஞ்சம்தான் அகலம். இடது கையை க்யூவைத் தாங்குகிற பிரிட்ஜாக வைத்து, பாட்டிலின் வாய்க்குள் டிப்பை விட்டு எடுக்க வேண்டும். விட்டு எடுக்க, விட்டு எடுக்க. கண்ணாடியில் பட்டால் 'டிக்' என்று கேட்கும். மெதுவாகச் செய்தால் டிக் வராது. அடிக்கிற வேகத்துக்கு வந்தால் டிக் டிக் டிக் என்று கிளாக் மாதிரி ஓடும். அது ரிட்டர்ன் ஃபைல் பண்ணுகிற ஜூலை சீசன் வேறு. ராத்திரி பத்து மணிக்கு ஆபீசிலிருந்து வந்து, சாப்பிட்டு, மேசையைத் துடைத்து, பாட்டிலை எடுப்பேன். எட்டாம் வகுப்பு படிக்கிற மகள் அவளுடைய பாட்டியிடம் போனில், "அப்பா பாட்டிலுக்கு ஊசி போட்டுட்டு இருக்காரு" என்று சொன்னாள்.

அந்த டிக் எனக்கு ஒன்றைக் காட்டிக் கொடுத்தது. பின்னால் இழுத்த க்யூவை உடனே முன்னால் தள்ளும்போதுதான் அது வருகிறது. பின்னால் இழுத்து, ஒரு கண் சிமிட்டும் நேரம் நிறுத்தி, அப்புறம் முன்னால் விட்டால் வருவதில்லை. இழுக்கிற தசை வேறு, தள்ளுகிற தசை வேறு. ஒன்று ஓய்வதற்குள் இன்னொன்று அவசரப்பட்டால் முழங்கை உதறும். அந்த நிறுத்தத்தில் இன்னொரு லாபமும் உண்டு. அதுவரை வெள்ளைக்கும் நம்பர் பந்துக்குமாகக் கண் அலைந்துகொண்டிருக்கும், நிறுத்துகிற அந்தக் கணத்தில் நம்பர் பந்தின் மேல் போய் உட்கார்ந்துகொள்ளும். அடித்து முடித்து, பந்து விழுகிற சத்தம் கேட்கும்வரை தலையைத் தூக்குவதில்லை என்பதையும் இதோடு சேர்த்துக்கொண்டேன். பாட்டிலில் தலையைத் தூக்கினால் டிக் இல்லை, பெரிய 'டங்'.

இதைப் பார்லரில் சொன்னபோது ஒரு தம்பி சண்டைக்கு வந்தான். எஃப்ரன் ரேயஸ் ஆடுகிற வீடியோ பாருங்கண்ணா, அவர் க்யூ காற்றில் ஆடுகிற மூங்கில் மாதிரி ஆடுகிறது, நிறுத்தமும் இல்லை ஒன்றும் இல்லை, அவர் எப்படி 1999இல் உலக சாம்பியன் ஆனார் என்று கேட்டான். நியாயமான கேள்வி. ஃபிலிப்பைன்ஸ்காரர்கள் பலபேர் ஆட்டுகிற ஆட்டில் டிப் வெள்ளையின் காலடியைப் பார்த்துக்கொண்டிருக்கும், அடிக்கும்போது எங்கே பட வேண்டுமோ அங்கே போய்ப் படும். ரேயஸ் பொடியனாக இருந்தபோது மணிலாவில் சொந்தக்காரர் நடத்திய பூல் ஹாலில், எட்டாத உயரத்துக்குக் குளிர்பானப் பெட்டிகளைப் போட்டு ஏறி நின்று ஆடியவர். ராத்திரி மேசை மேலேயே படுத்துத் தூங்கியவர். வாரத்தில் இரண்டு மணி நேரம் வருகிற ஆபீஸ் ஆள்கள் அந்த ஆட்டத்தைக் கடன் வாங்க முடியாது தம்பி என்றேன். அவனுக்கு அது பிடிக்கவில்லை. அவன் வாரம் முழுக்க வருகிறவன்.

ஆடி மாசம் பிறந்தபோது பதினொன்றாம் நம்பர் பந்தின் பட்டை ஏறக்குறைய நேராகச் சுழன்றது. பத்துக்கு ஏழு தடவை திரும்பி வந்து டிப்பில் முட்டியது. நேர்ப் பந்துகள் சத்தமில்லாமல் பாக்கெட்டின் நடுவில் போய் விழுந்தன. மார்க்கர் தலையை ஒருமுறை ஆட்டினார். நான் ஆட்டத்துக்குத் தயார் என்று நினைத்தேன்.

அந்த மாசம் பூராவும் தோற்றேன். தள்ளுபடி மாசத்தில் என் விஷயத்தில் மட்டும் தள்ளுபடி இல்லை. வலது பக்கக் கட் முன்னைவிடக் கொஞ்சம் பரவாயில்லை, ஆனாலும் மெல்லிசாகத்தான் பட்டது. கொடுமை என்னவென்றால், பத்து வருஷமாகப் பேசிக்கொண்டே போட்ட இடது பக்கக் கட்டும் விழுவதை நிறுத்திவிட்டது. அதுவும் மெல்லிசாகப் பட்டுத் தப்பியது. பழைய கோணல் ஆட்டமே தேவலை என்று ஒரு வாரம் பழையபடி நின்றும் பார்த்தேன். அதுவும் வரவில்லை. இருந்ததும் போயிற்று.

இதற்கு விடை எனக்கு ஆபீசில் கிடைத்தது. பிளஸ் ஒன் கணக்குப்பதிவியலில் 'ஈடுசெய் பிழை' என்று ஒன்று படித்திருப்பீர்கள். ஒரு கணக்கில் ஆயிரம் ரூபாய் கூடுதலாக எழுதி, வேறொரு கணக்கில் அதே ஆயிரத்தை இன்னொரு பக்கம் கூடுதலாக எழுதிவிட்டால், இருப்பாய்வு டாண் என்று நேர்பட்டுவிடும். இரண்டும் தப்பு, ஆனால் கூட்டினால் சரி. அதில் ஒன்றை மட்டும் கண்டுபிடித்துத் திருத்தினால், அதுவரை நேராக இருந்த இருப்பாய்வு உதைக்கும். ஒரு ஜவுளிக் கடை லெட்ஜரில் சரியாக இதே மாதிரி ஒன்றை ஜூனியர் திருத்திவிட்டு முழித்துக்கொண்டிருந்தான். அவனுக்கு விளக்கிக்கொண்டிருக்கும்போதே பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டேன். என் இடது பக்கக் கட் எனக்குத் தெரிந்துவிட்டது.

என் கண்ணும் தப்புதான். கை தனியாகத் தப்பு, கண் தனியாகத் தப்பு. இரண்டுமே கட் வலது பக்கம் என்றால் ஒன்றோடொன்று சேர்ந்துகொள்ளும், இடது பக்கம் என்றால் ஒன்றையொன்று அடித்துவிடும். என் கண் பந்தைத் தேவைக்கு மேல் மெல்லிசாகப் பார்க்கிறது. இடது சைடு பந்தை வலது பக்கம் தள்ளுகிறது. இடது கட்டில் அந்தத் தள்ளல் மெல்லிசைத் தடிப்பாக்கிச் சரி செய்தது. வலது கட்டில் மெல்லிசை இன்னும் மெல்லிசாக்கியது. கையைத் திருத்தியதும் கண் செய்கிற தப்பு இரண்டு பக்கமும் பச்சையாக வெளியே வந்துவிட்டது.

கண் ஏன் அப்படி? மறுபடியும் கேரம்தான். கேரத்தில் ஸ்ட்ரைக்கர் பெரிது, காய் சின்னது. ஸ்ட்ரைக்கர் நான்கு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல், காய் மூன்று சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். ஸ்ட்ரைக்கரின் நடுவைக் காயின் விளிம்புக்கு நேராக விட்டால், காய் சுமார் 25 டிகிரி திரும்பும். பூலில் வெள்ளையும் நம்பர் பந்தும் ஒரே அளவு. வெள்ளையின் நடுவைப் பந்தின் விளிம்புக்கு நேராக விட்டால் அது 30 டிகிரி திரும்பும். அரைப் பந்துக் கட் என்று சொல்வது இதைத்தான். என் கண் பத்து வயதிலிருந்து முதல் படத்தை மனப்பாடம் பண்ணி வைத்திருக்கிறது. 25 டிகிரி வேண்டும் என்றால் விளிம்பைப் பார்க்கிறேன், 30 கிடைக்கிறது. ஐந்து டிகிரி கூடுதல். இதைக் காகிதத்தில் இரண்டு வட்டம் போட்டுப் பார்த்தபோது, அலுவலக நேரத்தில் கவராயம் கேட்டதற்கு ஜூனியர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை விடுங்கள்.

புதுப் படத்தைக் கண்ணுக்குப் பழக்கக் கைவசம் இருந்த பொருள் உதவியது. ஃபைலில் பஞ்ச் ஓட்டை கிழியாமல் இருக்க ஒட்டுவோமே, சின்ன வெள்ளை வளைய ஸ்டிக்கர், அது ஆபீசில் ஒரு பெட்டி கிடந்தது. நம்பர் பந்தை ஒரு வளையத்தின் மேல் வைக்க வேண்டும். பாக்கெட்டிலிருந்து அந்தப் பந்து வழியாக ஒரு கோட்டை மனதில் இழுத்து, பந்துக்குப் பின்னால் இன்னொரு பந்தை ஒட்டினாற்போல் அந்தக் கோட்டில் நிறுத்த வேண்டும். அந்த இரண்டாவது பந்தின் அடியில் இன்னொரு வளையம். இப்போது இரண்டாவது பந்தை எடுத்துவிடலாம். வெள்ளை வந்து மோதுகிற கணத்தில் அதன் நடு அந்த வளையத்தின் மேல் இருந்தாக வேண்டும், அதாவது நம்பர் பந்தின் நடுவிலிருந்து முழுசாக ஒரு பந்து அகலம் தள்ளி. இதை ஆவிப் பந்து என்று எங்கள் பையன்கள் சொல்லுவார்கள். பேய் பிடித்த மாதிரிதான் நானும் அடித்தேன். நம்பர் பந்தைப் பார்க்காதே, வளையத்துக்குப் பந்தை அனுப்பு. ஒரு கட்டுக்கு முப்பது தடவை, வலது இடது மாற்றி மாற்றி. துணியில் கோந்து ஒட்டினால் என் சம்பளத்தில் பிடிப்பார் முதலாளி என்று மார்க்கர் சத்தம் போட்டார். கோந்தைச் சுரண்டிவிட்டு, எச்சில் தொட்டு ஒட்டினேன். அதற்கும் சத்தம் போட்டார்.

மூன்று வாரத்தில் கண் இறங்கி வந்தது. ஆனால் ஒரு விசித்திரம். பந்தை மெதுவாகத் தட்டுகிற கட்டில் மட்டும், வளையத்துக்குச் சரியாக அனுப்பினாலும் தடிப்பாகப் போனது. பந்துகள் மோதும்போது ஒரு கணம் ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன. வெள்ளை போகிற திசைக்கே நம்பர் பந்தையும் கொஞ்சம் இழுத்துக்கொண்டு போகிறது. வேகமாக அடித்தால் இந்த இழுப்பு குறைவு. மெதுவாக, அதுவும் வெள்ளை உருளாமல் வழுக்கிக்கொண்டு போய் மோதினால், அதிகம். பழைய பந்து, சாக் அழுக்கு என்றால் இன்னும் அதிகம். அப்படிப்பட்ட அடிகளில் கொஞ்சம் மெல்லிசாகப் பார்க்க வேண்டும். ஆக என் பழைய கேரம் கண் முழுக்க வீண் இல்லை, மெதுவான கட்டுக்கு அதுவே கிட்டத்தட்டச் சரி. மார்க்கரிடம் பந்துகளை அடிக்கடி துடைக்கச் சொன்னேன். துணி ஒன்றை என் கையில் கொடுத்துவிட்டார்.

போன சனிக்கிழமை அந்த ரேயஸ் தம்பியோடு எய்ட் பால், தன் பந்துகளை முடித்துவிட்டுக் கடைசியில் எட்டாம் நம்பர் கறுப்பைப் போடுகிறவன் ஜெயிக்கிற ஆட்டம். மூன்று மணி நேரம், இரண்டு பேரும் சரிசமமாக வந்து நின்றோம். கடைசி ஃபிரேம், எனக்குக் கறுப்பு மட்டும் பாக்கி. கறுப்பு மேசையின் நடுக்கோட்டில், நட்டநடுவைவிட ஒரு சாண் அந்தப் பக்கம் தள்ளி. வெள்ளையும் அதே நடுக்கோட்டில், இந்தப் பக்கம். வலது மூலைக்குப் போட வேண்டும். அரைப் பந்துக் கட், வலது பக்கம். பத்து வருஷம் என்னைத் தூங்கவிடாத பந்து.

கோட்டுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். வலது பாதம் கோட்டில். இடுப்பு விலகியது. ஆவிப் பந்து இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்துக் குனிந்தேன். இழுத்து, நிறுத்தி, விட்டேன். தலையைத் தூக்கவில்லை. கறுப்பு பாக்கெட்டின் நட்டநடுவில், தாடையில் எங்கும் படாமல், பொத்தென்று விழுந்தது. என் காதில் விழுந்த சத்தங்களில் அதைவிட நல்லது கொஞ்சம்தான்.

அப்புறம் இன்னொரு பொத் கேட்டது.

அரைப் பந்துக் கட்டில், உருண்டு போகிற வெள்ளை தன் பாதையிலிருந்து சுமார் 30 டிகிரி விலகிப் போகும். இது எனக்கு நன்றாகவே தெரியும், பையன்களுக்குப் பாடமே எடுத்திருக்கிறேன். கறுப்பு 30 டிகிரி வலது பக்கம் போனால் வெள்ளை 30 டிகிரி இடது பக்கம். அந்த இடத்தில் நடுக்கோட்டிலிருந்து 30 டிகிரி இடது பக்கம் இருப்பது இடது மூலைப் பாக்கெட். கொஞ்சம் கீழே அடித்து, உருளாமல் வழுக்கிப் போய் மோதும்படி ஸ்டன் பண்ணியிருந்தால் வெள்ளை அகலமாகப் போய்க் குஷனில் பட்டுத் திரும்பியிருக்கும். கட்டை மட்டுமே நினைத்துக்கொண்டிருந்ததில் அது தோன்றவே இல்லை. கறுப்போடு வெள்ளையும் விழுந்தால் ஆட்டம் எதிராளிக்கு.

தம்பி கையை உயர்த்தினான், பாவம், சிரிக்காமல் இருக்கப் பார்த்தான். மார்க்கர் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்து நோட்டில் எழுதினார்.

"கட்டு ரொம்ப அம்சமா இருந்துச்சுங்க சார்" என்றார். "அறுநூறு."